வார இறுதி யோகா முகாமுக்குக் கிளம்புகிறீர்களா?

வெள்ளிக்கிழமை மாலை பேருந்து ஏறினால் ஞாயிறு இரவு வீடு திரும்பிவிடலாம். இடையில் இரண்டு நாள் கைப்பேசிக்கு விடுப்பு; ஆசனம், மூச்சுப்பயிற்சி, காரம் குறைந்த சாப்பாடு, ஒன்பதரை மணிக்கே தூக்கம். இப்படி அழைக்கும் வார இறுதி யோகா முகாம்களை இன்று ஆசிரமங்களும் நடத்துகின்றன, மலைவாசத் தலங்களின் விடுதிகளும் நடத்துகின்றன. நாள் முழுக்க நாற்காலியில் கழிக்கும் கணினிப் பணியாளர், மாதவிடாய் நிற்கும் வயதில் தூக்கம் கெட்டுப்போன குடும்பத் தலைவி, சர்க்கரைக்கு மாத்திரை போடும் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று பலரும் ஒரே கூடத்தில் பாய் விரிக்கிறார்கள்.

இவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே பாடம் பொருந்தாது. ஒரு முகாம் நம்மை எப்படி வரவேற்கிறது என்பது வாசலில் நீட்டும் சந்தனத்திலும் பன்னீரிலும் தெரிவதில்லை. பாயில் உட்காருமுன் நம் உடம்பைப் பற்றி எவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார்கள் என்பதில்தான் தெரியும்.

"எனக்கு உடம்பு வளையாதே!"

முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இது. "சம்மணம் போட்டு உட்கார்ந்தே பல வருஷமாச்சு, நான் அங்க வந்து என்ன பண்ணப்போறேன்?" என்று தயங்குவார்கள். தொந்தி, மூட்டுவலி, வயது என்று காரணங்கள் நீளும்.

இந்தத் தயக்கத்துக்கு யோகா ஆசிரியர்களே நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். இன்று உலகமெங்கும் கற்பிக்கப்படும் ஆசனப் பயிற்சியின் முக்கியமான முன்னோடிகளில் ஒருவர் தி. கிருஷ்ணமாச்சாரியார் (1888-1989). மைசூர் அரண்மனையின் ஆதரவில் இளைஞர்களுக்குக் கடினமான பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்த அவர், பிற்காலத்தில் சென்னையில் குடியேறி, நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் தனித்தனியாகப் பாடம் வகுத்தார். ஆளுக்குத் தகுந்தபடி பயிற்சியை மாற்ற வேண்டுமே தவிர, பயிற்சிக்காக ஆளை வளைக்கக் கூடாது என்ற அந்த அணுகுமுறையை அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் தொடர்ந்து வருகிறது.

கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர்களில் ஒருவரான பி.கே.எஸ். ஐயங்கார், சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று படாத பாடு பட்டவர். மரக்கட்டை, பட்டை, தலையணை, நாற்காலி, சுவர் ஆகியவற்றின் துணையோடு எவரும் ஆசனம் செய்யலாம் என்று முறைப்படுத்தியவர் அவர். ஆகவே நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைத் தூக்குவதும் யோகாவே. அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

முகாமில் ஒரு நாள்

பத்தமடையில் பிறந்து, மலாயாவில் மருத்துவராக இருந்து, பிறகு ரிஷிகேசத்தில் துறவு பூண்டவர் சுவாமி சிவானந்தர். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தா யோக வாழ்வை ஐந்து அம்சங்களாகச் சுருக்கிச் சொன்னார்: முறையான உடற்பயிற்சி, முறையான மூச்சு, முறையான ஓய்வு, முறையான உணவு, நல்லெண்ணமும் தியானமும். எந்த மரபைச் சேர்ந்த முகாமாக இருந்தாலும் அட்டவணை ஏறக்குறைய இந்த ஐந்தையும் சுற்றியே அமையும்.

விடியற்காலை ஐந்து அல்லது ஐந்தரைக்கு மணி அடிப்பார்கள். தியானம், பிறகு வெறும் வயிற்றில் ஒன்றரை மணி நேர ஆசனப் பயிற்சி. அதன்பின் பொங்கலோ கஞ்சியோ பழமோ. முற்பகலில் ஒரு வகுப்பு. மதியம் வெங்காயம், பூண்டு இல்லாத சாப்பாடு. பிற்பகலில் யோக நித்திரை. மாலையில் மீண்டும் ஆசனம், மூச்சுப்பயிற்சி. சில ஆசிரமங்களில் காய் நறுக்குவது, கூடம் பெருக்குவது போன்ற சேவையும் உண்டு.

பழக்கமில்லாதவருக்கு ஒரே நாளில் இரண்டு வேளை ஆசனம் என்பது கூடுதல்தான். முதல்நாள் காலை ஆர்வத்தில் இழுத்து வளைத்துவிட்டு, மறுநாள் எழ முடியாமல் படுத்துக் கிடப்பவர்கள் உண்டு. தசை இழுபடுவது தெரியலாம்; குத்தும் வலி, மரத்துப்போவது, மூச்சு முட்டுவது தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். எந்த நேரத்திலும் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்குத் திரும்ப அனுமதிக்கும் ஆசிரியரே நல்ல ஆசிரியர்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று வேகமெடுக்கும். வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் பிடி இறுகித் துடிப்பு தணியும். வெளிமூச்சை நீட்டி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்குக் குறைக்கும்போது, ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் இயல்பான ஏற்பாடு இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது. மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தியை முடித்ததும் கிடைக்கும் அமைதிக்கு இதுவும் ஒரு காரணம்.

மருத்துவ ஆய்வுகளும் சில பலன்களை ஒப்புக்கொள்கின்றன. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்பே முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவும் ஒன்று என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நிலை மேம்பட்டதாக உணர்ந்தார்கள். பழைய அன்றாட வேலைகளுக்கு நன்றாகத் திரும்பினார்கள். ஆனால் மறுபடி மாரடைப்பு, மரணம் போன்றவை குறைந்தன என்று அந்த ஆய்வால் உறுதியாகக் காட்ட முடியவில்லை.

இதை நேர்மையாகப் புரிந்துகொள்ள வேண்டும். யோகா துணை செய்யும். மருந்தின் இடத்தைப் பிடிக்காது. மென்மையான ஆசனங்கள் வேகநடையின் இடத்தையும் பிடிக்காது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் யோகா செய்பவர்களுக்கும் பொருந்தும். இரண்டே நாளில் எந்த நோயும் குணமாகாது. சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டு வருவதே முகாமின் பயன்.

சொல்லியே ஆக வேண்டிய உடல்நிலைகள்

பதிவுப் படிவத்தில் நோய் விவரம் கேட்டால் "இல்லை" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். படிவமே இல்லாவிட்டால் நீங்களாகவே ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

கண்ணழுத்த நோய் இருப்பவர்கள் சிரசாசனம், சர்வாங்காசனம் போன்ற தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். சிரசாசனத்தின்போது கண்ணின் அழுத்தம் இரு மடங்காகிறது என்று சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. விழித்திரைப் பாதிப்பு உள்ள சர்க்கரை நோயாளிகளும் கண் மருத்துவரைக் கேட்காமல் தலைகீழாக நிற்கக் கூடாது.

கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்களுக்குக் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுகளும், மூச்சை அடக்கும் கும்பகமும் வேண்டாம். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் முதுகை வளைத்து முன்குனியும் ஆசனங்களைச் செய்தால் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. கழுத்தெலும்புத் தேய்மானத்துக்குச் சர்வாங்காசனமும், முழங்கால் வலிக்கு வஜ்ராசனம், பத்மாசனமும் ஒத்துவராது.

கர்ப்பிணிகள் மகப்பேறு மருத்துவரின் ஒப்புதலோடு, கர்ப்பகால யோகா தெரிந்த ஆசிரியரிடம் மட்டுமே செய்ய வேண்டும். குப்புறப் படுப்பது, வயிற்றை அழுத்தி முறுக்குவது, மூச்சடக்குவது மூன்றும் அவர்களுக்குக் கூடாது.

மாத்திரையும் சாப்பாடும் காபியும்

முகாமில் ஆகாரம் குறையும், உடலுழைப்பு கூடும். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்தக் கூட்டணியால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, கண் இருட்டல் வந்தால் வகுப்பு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அளவு 70-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் உபவாசம் உள்ள முகாமுக்குப் போகுமுன் மருத்துவரிடம் கேட்பது கட்டாயம். பட்டினியில் அந்த மாத்திரை ரத்தத்தில் கீட்டோன் அமிலத்தைக் கூட்டிவிடலாம். "இங்கே வந்தபிறகு மாத்திரை எதற்கு?" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இனி, காபி. பல முகாம்களில் ஃபில்டர் காபி கிடையாது, சுக்குமல்லிக் காபிதான். தினமும் மூன்று வேளை டிகாக்ஷன் பழக்கம் உள்ளவர் திடீரென்று நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும்; இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். முகாமின் முக்கால்வாசி அதிலேயே போய்விடும். பலர் இதை "உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது கஃபீன் கிடைக்காததால் வரும் தலைவலி. ஒரு வாரம் முன்பிருந்தே வேளைக்கு அரை டம்ளராகக் குறைத்துக்கொண்டே வந்தால் இந்தத் தொல்லை இராது.

நேதியும் வமனமும்

மூக்கைக் கழுவும் ஜலநேதியைச் சில முகாம்கள் கற்றுத்தருகின்றன. குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே பயன்படுத்தவே கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறினால் பிழைப்பது அரிது. அமெரிக்காவின் லூசியானாவில் 2011-ல் குழாய்த் தண்ணீரில் நேதி செய்த இருவர் இப்படித்தான் இறந்தார்கள். கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் உப்புக் கலந்துதான் செய்ய வேண்டும். அண்டாவில் இருக்கும் நீர் கொதிக்கவைத்ததுதானா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

உப்புநீரை வயிறு முட்டக் குடித்து வாந்தி எடுக்கும் வமனமும், குடலைக் கழுவும் சங்கப் பிரட்சாளனமும் ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு உகந்தவை அல்ல.

மனமும் தொடுதலும்

நீண்ட மௌனமும் தியானமும் எல்லோருக்கும் அமைதியே தரும் என்று சொல்ல முடியாது. சிலருக்குப் பதற்றம் கூடும். அடக்கிவைத்த துக்கம் பொங்கும். மனச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்றவற்றுக்குச் சிகிச்சை பெறுபவர்கள் மனநல மருத்துவரிடம் பேசிவிட்டே போக வேண்டும்.

ஆசனத்தைத் திருத்த ஆசிரியர் தொடலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள். முன்கூட்டியே கேட்டுத் தொடுவதுதான் முறை. "வாயால சொல்லுங்க போதும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கழுத்தையோ இடுப்பையோ பலவந்தமாக அழுத்த யாரையும் அனுமதிக்காதீர்கள்.

ஆசிரியரை எப்படி அறிவது?

ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் இருக்கிறது. அது பயிற்றுநர்களுக்குத் தேர்வு நடத்திச் சான்று தருகிறது. நோய் உள்ளவர்களுக்குப் பி.என்.ஒய்.எஸ். படித்த யோகா, இயற்கை மருத்துவர் இன்னும் பொருத்தம். ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு அது. சென்னை அரும்பாக்கத்தில் இதற்கென அரசு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. பரவலாகக் காணப்படும் "200 மணி நேரப் பயிற்சிச் சான்று" மட்டும் வைத்திருப்பவர் ஆசனம் கற்பிக்கலாம். சிகிச்சை சொல்லும் தகுதி அதனால் வந்துவிடாது.

"சர்க்கரையை ஒழிப்போம்" என்று துண்டறிக்கை போடும் முகாமைத் தவிர்த்துவிடுங்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்தும் என்று மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. முகாமின் மேசையில் விற்கும் பொடிக்கும் லேகியத்துக்கும் இது பொருந்தும்.

பணம் கட்டுமுன் இந்த ஐந்தைத் தொலைபேசியில் கேளுங்கள்: ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர்? நாற்காலியில் செய்ய வசதி உண்டா? கட்டில், மேற்கத்திய கழிப்பறை உண்டா? அவசரத்துக்கு மருத்துவமனை எவ்வளவு தூரம்? முடியாத பயிற்சியை விட்டுவிடலாமா? பொறுமையாகப் பதில் சொன்னால் நம்பிப் போகலாம்.

திங்கட்கிழமை காலை

முகாமில் முப்பது ஆசனம் காட்டுவார்கள். அத்தனையையும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. கிளம்புமுன் ஆசிரியரிடம் உங்கள் உடம்புக்கு ஏற்ற நாலைந்து ஆசனமும் ஒரு மூச்சுப்பயிற்சியும் கேட்டு, வரிசையாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் இருபது நிமிடம், அதே நேரம், அதே இடம். மூன்று மாதம் விடாமல் செய்துவிட்டு, எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள். மருந்தைக் குறைக்கலாமா என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.