கில்லிமீன் வளர்ப்பு

கில்லிமீன்கள் என்பவை சைப்ரினோடான்டிஃபார்மஸ் வரிசையைச் சேர்ந்த, முட்டையிடும் சிறு மீன்கள் ஆகும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கில்லிமீன் இனங்கள் அறியப்பட்டுள்ளன. ஆஸ்திரேலியா, அண்டார்க்டிக்கா ஆகியவை தவிர்ந்த ஏனைய கண்டங்களில் இவை வாழ்கின்றன. பெரும்பாலானவை 10 செ.மீ.க்கும் குறைந்த நீளம் உடையவை. ஆண் மீன்களின் நிறத்துக்காகவும், சில இனங்களின் வியப்பான வாழ்க்கை வட்டத்துக்காகவும் இவை வீட்டு மீன்தொட்டிகளில் வளர்க்கப்படுகின்றன.

ஏனைய அலங்கார மீன்களின் வளர்ப்பிலிருந்து கில்லிமீன் வளர்ப்பு ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகின்றது. கில்லிமீன் வளர்ப்பவர்கள் மீனின் இனப்பெயரோடு, அது எந்த ஊரின் எந்த நீர்நிலையில் பிடிக்கப்பட்டது என்பதையும் தலைமுறை தலைமுறையாகப் பதிந்து வருகின்றனர். இப்பதிவு இல்லாத மீன் எவ்வளவு அழகாக இருப்பினும் இனப்பெருக்கத்துக்கு ஏற்றதாகக் கருதப்படுவதில்லை.

பெயர்

ஆங்கிலத்தில் 'கில்' என்பது கொல்லுதலைக் குறிப்பதால், இவை பிற மீன்களைக் கொல்லும் மீன்கள் எனச் சிலர் தவறாகக் கருதுகின்றனர். சிற்றோடை எனப் பொருள்படும் 'கில்' என்னும் டச்சு மொழிச் சொல்லிலிருந்தே இப்பெயர் தோன்றியதாகக் கருதப்படுகின்றது. ஓடைகள், சதுப்புகள், மழைக்காலக் குட்டைகள் போன்ற ஆழமற்ற நீர்நிலைகளே பெரும்பாலான கில்லிமீன்களின் வாழிடம் ஆகும்.

முட்டையிடும் முறையும் வகைகளும்

வளர்ப்பு நோக்கில் கில்லிமீன்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. செடிகளில் முட்டையிடுபவை: இவை ஆண்டு முழுவதும் நீர் வற்றாத இடங்களில் வாழ்பவை. முட்டைகள் நீரிலேயே ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பொரிக்கின்றன. காபோன் நாட்டின் அஃபியோசெமியோன் ஆஸ்திராலே, தென்னிந்தியாவின் அப்லோகெய்லஸ் லினியேட்டஸ் ஆகியவை இவ்வகையின.
2. இடைநிலை வகை: இவற்றின் முட்டைகள் நீரிலும் பொரிக்கும், ஈரமான மட்கில் வைத்தாலும் வளரும். நைஜீரியா, கமரூன் ஆகிய நாடுகளில் வாழும் ஃபண்டுலோபாங்கக்ஸ் கார்ட்னெரி இதற்கு எடுத்துக்காட்டு.
3. ஓராண்டு மீன்கள்: இவை மழைக்காலத்தில் மட்டும் நீர் தேங்கும் குட்டைகளில் வாழ்பவை. குட்டை வற்றும்போது மீன்கள் அனைத்தும் இறந்துவிடுகின்றன. சேற்றில் புதைந்த முட்டைகள் மட்டும் அடுத்த மழைவரை உயிரோடு இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் நொதோபிராங்கியஸ், தென்னமெரிக்காவின் ஆஸ்ட்ரோலெபியாஸ் ஆகிய பேரினங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஓராண்டு மீன்களின் முட்டைக்குள் கரு வளர்ச்சி மூன்று கட்டங்களில் நின்று பின்னர் தொடரக்கூடும் என்பதை 1972ஆம் ஆண்டில் ஜான் வூர்ம்ஸ் விரிவாக விளக்கினார். முதற் கட்டம் கருவின் உருவம் தோன்றுவதற்கு முன்னரும், இரண்டாம் கட்டம் உடற்பகுதிகள் தோன்றிய பின்னரும், மூன்றாம் கட்டம் பொரிப்பதற்குச் சற்று முன்னரும் நிகழும். எல்லா முட்டைகளும் ஒரே கால அளவு நிற்பதில்லை. இதனால் பருவம் தவறிப் பெய்த சிறுமழையில் சில முட்டைகள் பொரித்துக் குஞ்சுகள் இறந்தாலும், எஞ்சிய முட்டைகள் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். வீட்டில் ஒரே நாளில் சேகரித்த முட்டைகள் வெவ்வேறு காலங்களில் பொரிப்பதற்கும் இதுவே காரணம்.

இனங்காணல்

முதலில் பேரினத்தை அறிந்து, பின்னர் இனத்தை அறிவது எளிது. பின்வரும் அடையாளங்கள் பயன்படும்.

* குட்டியீனும் மீன்களிலிருந்து வேறுபடுத்தல்: கப்பி, மோலி போன்றவையும் இதே வரிசையைச் சேர்ந்தவையே. அவற்றின் ஆண் மீனில் குதத்துடுப்பு குச்சி போன்ற இனச்சேர்க்கை உறுப்பாக மாறியிருக்கும். கில்லிமீன்களில் அவ்வாறு இருப்பதில்லை.
* அப்லோகெய்லஸ்: தட்டையான தலை, மேல்நோக்கிய வாய், உச்சந்தலையில் ஒளிரும் புள்ளி ஆகியவை இப்பேரினத்தின் அடையாளங்கள். சிறிய முதுகுத்துடுப்பு வாலுக்கு அருகில், குதத்துடுப்பின் தொடக்கத்துக்கு மிகவும் பின்னால் அமைந்திருக்கும். லினியேட்டஸ் இனத்தின் பெண்ணில் குறுக்குப் பட்டைகள் தெளிவாகத் தெரியும். ஆணில் பொன்னிறப் புள்ளி வரிசைகள் மேலோங்கியிருக்கும்.
* நொதோபிராங்கியஸ்: உடல் சற்று உயரமானது. முதுகுத்துடுப்பும் குதத்துடுப்பும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று நேராக அமைந்திருக்கும். ஆண் பளிச்சிடும் சிவப்பு அல்லது நீல நிறமும், பெண் மங்கிய சாம்பல் நிறமும் கொண்டவை.
* அஃபியோசெமியோன்: மெலிந்த உடல்; ஆணின் உடலில் சிவப்புப் புள்ளிகள். பல இனங்களில் ஆணின் வால்துடுப்பு மேலும் கீழும் நீண்டு யாழ் வடிவில் இருக்கும்.
* ரிவுலிடே குடும்பத்தின் அமெரிக்க இனங்கள்: பலவற்றில் பெண்ணின் வாலடியின் மேற்பகுதியில் ஒரு கரும்புள்ளி காணப்படும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் சுடெபிப்ளாட்டிஸ் அன்யுலேட்டஸ் போன்ற சிலவற்றை அகன்ற கரும்பட்டைகளைக் கொண்டே அடையாளம் காணலாம். ஆயினும் பெரும்பாலானவற்றில் நிறத்தை மட்டும் நம்ப இயலாது. உணவு, வயது, நீரின் தன்மை, மனநிலை ஆகியவற்றால் நிறம் மாறும். முதுகுத்துடுப்பின் அமைவிடம், துடுப்புக் கதிர்களின் எண்ணிக்கை, தலைச் செதில்களின் ஒழுங்கு ஆகியவை நிறத்தைவிட உறுதியான அடையாளங்கள்.

பெண் மீன்களை இனங்காண்பது மேலும் கடினம். ஒரே பேரினத்தைச் சேர்ந்த பல இனங்களின் பெண்கள் ஒன்றுபோலவே தோன்றும். எனவே நெருங்கிய உறவுடைய இரு இனங்களை ஒரே தொட்டியில் வைத்தல் கூடாது. ஒருமுறை கலந்துவிட்ட பெண் மீன்களைப் பார்வையால் பிரித்தெடுக்க இயலாது.

பிடித்த இடத்தின் முக்கியத்துவம்

டென்மார்க்கைச் சேர்ந்த ஜோர்கன் ஷீல் ஆப்பிரிக்கக் கில்லிமீன்களின் நிறப்புரிகளை ஆராய்ந்து, வெவ்வேறு இடங்களின் மீன்களைக் கலப்பினம் செய்தும் பார்த்தார். தோற்றத்தில் ஒத்த மீன்களிடையே நிறப்புரி எண்ணிக்கை மாறுபடுவதையும், அவற்றின் கலப்பில் பிறந்தவை மலடாக இருக்கக்கூடும் என்பதையும் இத்தகைய ஆய்வுகள் காட்டின. அவருடைய நூல் 1968இல் வெளிவந்தது.

இதன் நடைமுறைப் பயன் 2010இல் நன்கு வெளிப்பட்டது. மொசாம்பிக்கில் பிடிக்கப்பட்டு நொதோபிராங்கியஸ் ரக்கோவியை என்ற ஒரே பெயரில் வளர்க்கப்பட்டு வந்த மீன்களில் மூன்று இனங்கள் உள்ளன என அவ்வாண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். கிரிசானோவி, பியனாரி என இரு புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. ஊர்ப்பெயரோடு தனித்தனியாக வளர்த்தவர்கள் தம் மீன்களின் பெயர்ச்சீட்டைத் திருத்தினால் போதுமாயிற்று. எல்லாவற்றையும் 'ரக்கோவியை' எனக் கருதி ஒன்றாக இனம்பெருக்கியவர்களின் தொட்டியில் இருந்தவற்றுக்கோ எந்தப் பெயரும் பொருந்தாது.

இக்காரணத்தால் பெயரோடு ஊரும் குறியீடும் சேர்த்து எழுதப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, 'நொதோபிராங்கியஸ் ஃபர்செரி எம்இசட்எம் 04-10' என்பதில் முதற்பகுதி இனத்தையும், 'எம்இசட்எம்' மொசாம்பிக்கையும், 04 என்பது 2004ஆம் ஆண்டையும், 10 என்பது அப்பயணத்தில் மீன் பிடிக்கப்பட்ட இடத்தின் வரிசை எண்ணையும் குறிக்கும். கார்ட்னெரி இனத்தில் அகுரே, மக்கூர்டி, நுசுக்கா போன்ற நைஜீரிய ஊர்ப்பெயர்கள் இவ்வாறு வழங்குகின்றன. குறியீடு தெரியாத மீனுக்கு ஊகமாக ஓர் ஊர்ப்பெயரைச் சூட்டக் கூடாது.

நீரில் முட்டை பொரிக்கும் இனங்களை வளர்த்தல்

புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கார்ட்னெரி ஏற்றது. 20 லிட்டர் தொட்டியில் ஓர் ஆணும் இரண்டு அல்லது மூன்று பெண்களும் வைக்கலாம். பெண்கள் பலவாக இருந்தால் ஆணின் துரத்தல் ஒரே பெண்ணின் மீது விழாது. 22 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலை போதுமானது. மெதுவாக இயங்கும் பஞ்சு வடிகட்டி பொருத்தமானது. கில்லிமீன்கள் நன்கு துள்ளுபவை. எனவே இடைவெளியில்லாத மூடி கட்டாயம் தேவை.

முட்டையிடுவதற்கு நூற்கொத்து பயன்படுத்தப்படுகின்றது. செய்முறை வருமாறு:

1. சாயம் போகாத செயற்கைக் கம்பளி நூலை, 20 செ.மீ. உயரமுள்ள புத்தகத்தைச் சுற்றி 50 சுற்றுகள் சுற்றவும்.
2. ஒரு முனையை இறுகக் கட்டி, மறு முனையை வெட்டவும்.
3. கொதிநீரில் இட்டு அலசவும்.
4. கட்டிய முனையில் தக்கையைப் பிணைத்துத் தொட்டியில் மிதக்கவிடவும்.

சில நாட்களுக்கு ஒருமுறை நூற்கொத்தை எடுத்து, நீரைப் பிழிந்து, நூல்களை விலக்கிப் பார்த்தால் ஒட்டியிருக்கும் முட்டைகள் தெரியும். கருவுற்ற முட்டை தெளிவாகவும், விரலால் எடுத்தாலும் உடையாத அளவுக்கு உறுதியாகவும் இருக்கும். முட்டைகளை ஆழமற்ற கிண்ணத்தில், மெத்திலீன் நீலம் ஒரு துளி கலந்த நீரில் இடவேண்டும். வெண்மையாக மாறியவை இறந்தவை. பூஞ்சை பரவாதிருக்க அவற்றை நாள்தோறும் நீக்கவேண்டும். இரண்டு முதல் மூன்று வாரங்களில் குஞ்சுகள் வெளிவரும்.

ஓராண்டு மீன்களை வளர்த்தல்

சான்சிபார்த் தீவைச் சேர்ந்த நொதோபிராங்கியஸ் குந்தெரி இவ்வகையில் பலராலும் வளர்க்கப்படுவது. இம்மீன்கள் அடித்தளத்தில் முட்டையிடும். கொதிக்கவைத்துக் குளிர்ந்த பீட் மட்கை ஒரு கிண்ணத்தில் சில செ.மீ. கனத்துக்கு நிரப்பித் தொட்டியில் வைக்கவேண்டும். நன்கு கழுவி ஊறவைத்த தென்னை நார்க்கழிவையும் பயன்படுத்துவோர் உளர்.

வாரம் ஒருமுறை மட்கை வலையில் வடித்து, மெதுவாகப் பிழிந்து, செய்தித்தாளில் பரப்பிச் சிறிது உலரவிட வேண்டும். பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. தொட்டால் விரலில் ஈரம் தெரியவேண்டும். ஈரம் மிகுந்தால் முட்டைகள் அழுகும், குறைந்தால் சுருங்கிவிடும். பின்னர் நெகிழிப் பையில் இட்டு மூடி, சீட்டு ஒட்டி, 24 பாகை அளவில் இருளில் வைக்கவேண்டும். குந்தெரிக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களும், ரக்கோவியைக்கு ஏறத்தாழ ஆறு மாதங்களும் தேவைப்படும். இவ்வாறு ஈரமட்கில் உள்ள முட்டைகள் அஞ்சலில் அனுப்பக்கூடியவை. நாடு கடந்து வாழும் வளர்ப்பாளர்களிடையே இம்மீன்கள் பரவியது பெரும்பாலும் இம்முறையிலேயே ஆகும்.

நாட்காட்டியைவிட முட்டையைப் பார்த்தே முடிவெடுப்பது நன்று. கைக்கண்ணாடியில் நோக்கும்போது கருவின் கண்ணைச் சுற்றிப் பொன்னிற வளையம் தெரிந்தால் அது பொரிக்க ஆயத்தமாகிவிட்டது. அப்போது மட்கைத் தட்டில் கொட்டி, 16 முதல் 18 பாகை வரையான குளிர்ந்த நீரைச் சில செ.மீ. உயரத்துக்கு ஊற்றவேண்டும். சில மணி நேரத்தில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். பொரிக்காத முட்டைகள் எஞ்சியிருக்கும் என்பதால், மட்கை எறிந்துவிடாமல் மீண்டும் உலர்த்தி, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்குப் பின் மறுபடி நனைக்கவேண்டும்.

சில குஞ்சுகள் காற்றுப்பை நிரம்பாமல் அடித்தளத்திலேயே தவழும். காலம் தவறி நனைத்தல் இதற்குரிய காரணங்களில் ஒன்றாகும். இவற்றை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்துவதில்லை.

உணவும் நோயும்

பெரும்பாலான இனங்களின் குஞ்சுகள் அன்று பொரித்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலை முதல் நாளிலேயே உண்ணும். அன்யுலேட்டஸ் போன்ற மிகச் சிறிய குஞ்சுகளுக்கு முதலில் நுண்ணுயிர் நீர் தேவை. வளர்ந்த மீன்களுக்குக் கொசுப்புழு, நீர்த்தெள்ளு முதலிய உயிருணவு ஏற்றது. ஓராண்டு மீன்கள் வேகமாக வளர்வதால் அடிக்கடி உணவும், அதற்கேற்ப நீர்மாற்றமும் தேவை. நொதோபிராங்கியஸ் இனங்களை உடலில் பொன்துகள் தூவியதுபோல் தோன்றும் வெல்வெட் நோய் எளிதில் தாக்கும். நீரில் சிறிதளவு உப்புச் சேர்ப்பது இதைத் தடுக்க உதவுகின்றது.

பதிவு

ஒவ்வொரு தொட்டியிலும் முட்டைப்பையிலும் கீழ்க்காணும் விவரங்கள் இருத்தல் வேண்டும்:

* இனப்பெயர், ஊர், குறியீடு
* யாரிடமிருந்து, எப்போது பெறப்பட்டது
* முட்டை சேகரித்த நாள்
* நனைக்கவேண்டிய உத்தேச நாள்

சீட்டு ஈரத்தில் அழியாத மையால் எழுதப்படவேண்டும். ஒரே இணையிலிருந்து தொடர்ந்து இனம்பெருக்கினால் மரபு வளம் குறையும். இயன்றவரை பல இணைகளைப் பயன்படுத்துவதே முறை.

அறிவியலிலும் பாதுகாப்பிலும் பங்கு

நொதோபிராங்கியஸ் ஃபர்செரி 1971இல் விவரிக்கப்பட்டது. சிம்பாப்வேயின் கொனரேசோ பகுதியில் பிடிக்கப்பட்ட அதன் ஒரு வழித்தோன்றலை ஆர்வலர்கள் தம் வீட்டுத் தொட்டிகளில் பல பத்தாண்டுகள் கலப்பின்றிக் காத்துவந்தனர். ஆய்வகத்தில் இவை சில மாதங்களே வாழ்கின்றன என 2003இல் ஓர் ஆய்வு அறிவித்தது. அதன்பின் முதுமை பற்றிய ஆராய்ச்சியில் இம்மீன் முதன்மையான இடம்பெற்றது. 2015இல் இதன் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டது. மொசாம்பிக்கின் குட்டைகளில் இவ்வினம் பொரித்த 14 நாட்களிலேயே முதிர்ச்சி அடையக்கூடும் என்பது 2018இல் அறியவந்தது.

வளர்ப்பு எப்போதும் வெற்றி பெறுவதில்லை. மெக்சிக்கோவின் நுவேவோ லியோன் மாநிலத்திலுள்ள எல் பொத்தோசி ஊற்றில் இரு கில்லிமீன் இனங்கள் மட்டுமே உரிய இடமாகக் கொண்டு வாழ்ந்தன. நீர் இறைப்பாலும், அங்கு விடப்பட்ட வேற்றிட மீன்களாலும் இரண்டும் இயற்கையில் அற்றுப்போயின. அவற்றுள் சைப்ரினோடான் அல்வரேசி தொட்டிகளில் தொடர்ந்து வாழ்ந்துவருகின்றது. மெகுப்சிலான் அபோரஸ் வளர்ப்பில் நிலைக்கவில்லை. அதன் கடைசி மீன் 2014இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இறந்ததோடு அவ்வினம் முற்றாக அழிந்தது.

இயற்கையில் வாழிடத்தை இழந்த மீனுக்குத் தொட்டியில் உள்ளவையே எஞ்சிய வித்து. அவற்றின் பெயரும் ஊரும் ஐயமின்றித் தெரிந்திருந்தால் மட்டுமே மீள்குடியேற்றத்துக்கோ ஆய்வுக்கோ அவை பயன்படும். அதேவேளை, தொட்டியில் வளர்ந்த மீன்களையோ முட்டைகளையோ தாமாகவே குளங்களிலும் ஓடைகளிலும் விடுவது தவறாகும். எல் பொத்தோசியில் நிகழ்ந்ததுபோல், வேற்றிட மீன்கள் அங்குள்ள இனங்களின் அழிவுக்கு வழிவகுக்கக்கூடும்.