பங்குனி ஆமையும் பள்ளிப் பசுமைப் படையும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உள்ள சுற்றுச்சூழல் மன்றங்கள் பல, 2001-02இல் மத்திய அரசு தொடங்கிய தேசியப் பசுமைப் படைத் திட்டத்தின்கீழ் இயங்குகின்றன. ஓர் ஆசிரியர் பொறுப்பேற்க, மாணவர்கள் உறுப்பினராகச் சேர்கிறார்கள். மரக்கன்று நடுதல், மூலிகைத் தோட்டம், மஞ்சப்பைப் பிரசாரம், ஜூன் 5 அன்று ஊர்வலம் ஆகியவை வழக்கமான பணிகள். எல்லாம் நல்லவைதான். ஆனால் அருகிவரும் ஒரு விலங்குக்கு உண்மையிலேயே உதவ வேண்டுமென்றால், அது எந்த மாதத்தில் வருகிறது, எதற்கு அஞ்சுகிறது, எதனால் சாகிறது என்று தெரிந்து வேலை செய்ய வேண்டும். சென்னைக் கடற்கரைக்கு வரும் பங்குனி ஆமை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஆலிவ் ரிட்லி என்று உலகம் அறிந்த ஆமைக்கு நம் மீனவர்கள் வைத்த பெயர் பங்குனி ஆமை. தை மாதத்திலிருந்து பங்குனி வரை இரவு நேரத்தில் கரையேறி முட்டையிடும். இந்தியக் கடலில் காணப்படும் ஐந்து வகைக் கடலாமைகளில் இதுவும் ஒன்று. ஐந்துமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சென்னையில் ஆமை முட்டைகளைக் காக்க இரவில் கடற்கரையோரம் நடக்கும் வழக்கம் 1970களில் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்களிடம் தொடங்கியது. 1988இல் மாணவர்களே ஒரு குழு அமைத்து அதைக் கையில் எடுத்தார்கள். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இந்த நடை இன்றும் தொடர்கிறது.

ஆமை ஏறி இறங்கிய தடம் டிராக்டர் டயர் உருண்டதுபோல மணலில் பதிந்திருக்கும். அது முடியும் இடத்தில் ஒரு குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். எங்கே குச்சி சட்டென்று இறங்குகிறதோ அங்கேதான் குழி. வாய் குறுகி அடி அகன்று, சுமார் ஒன்றரை அடி ஆழத்தில் குடம்போல இருக்கும் அதில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் கிடக்கும். மேசைப் பந்தின் அளவு. ஆனால் தொட்டால் தோல்போல மெத்தென்று இருக்கும். அவற்றை எண்ணி, அதே குழியின் ஈர மணலோடு பையில் வைத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குத் தோண்டிப் புதைக்கிறார்கள். இதைச் சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். கரு ஓட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் குஞ்சு செத்துவிடும். நாய்க்கும் மனிதருக்கும் தப்பிய முட்டைகள் 45 முதல் 60 நாட்களில் பொரிகின்றன. குஞ்சுகளைக் கையால் கடலில் போடாமல் ஈர மணலில் விட்டு, தாமாகவே நடந்து இறங்க விடுகிறார்கள்.

முட்டையைத் தொடுவது வனத்துறை அனுமதி பெற்றவர்களின் வேலை. பள்ளி மாணவர்கள் தாங்களாகத் தோண்டினால் அது குற்றம். ஆனாலும் மன்றத்துக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது. அதில் முதலாவது விளக்கு. இருட்டில் அடிவானத்தின் வெளிச்சத்தைப் பார்த்தே குஞ்சு கடலுக்கு வழி கண்டுபிடிக்கிறது. தெருவிளக்கு எரிந்தால் ஊர்ப்பக்கம் திரும்பி, வண்டிச் சக்கரத்திலோ காக்கையின் வாயிலோ முடிந்துபோகிறது. எந்தத் தெருவில் எத்தனை விளக்குகள் கடலைப் பார்த்து எரிகின்றன என்று மாணவர்கள் எண்ணி, வரைபடமாக்கி, உள்ளாட்சி அலுவலகத்திலும் கரையோர வீடுகளிலும் கொடுக்கலாம். நூறு சுவரொட்டிகளைவிட அந்த ஒரு தாளுக்குப் பயன் அதிகம்.

அடுத்தது, இறந்து ஒதுங்கும் ஆமைகளைப் பதிவு செய்வது. நாள், இடம், ஓட்டின் உத்தேச நீளம், நீண்ட வாலுள்ள ஆணா, குட்டை வாலுள்ள பெண்ணா என்று தொடாமல் தள்ளி நின்றே குறித்து வனத்துறைக்குச் சொல்லலாம். 2025 ஜனவரியில் சென்னையையும் அதை ஒட்டிய கரைகளையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கி நெடுநேரம் நீருக்கடியில் கிடந்தால் மூழ்கிச் சாகிறது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப்படகுகள் வரக் கூடாது என்ற விதி இதற்காகவும்தான். இதை மீனவரிடம் குற்றம் சாட்டும் குரலில் பேசக் கூடாது. கடலோரப் பள்ளிகளில் படிப்பவர்களில் மீனவர் பிள்ளைகள் ஏராளம். வலையை அறுத்து ஆமையை விடுவித்த அப்பாக்களின் அனுபவம் வகுப்பறைக்கு வரவேண்டியது.

வேறு ஊர்களிலும் வேறு விலங்குகளுக்கும் இந்த முறை பொருந்தும். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் கடற்பசு காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசு கடற்புல்லையே மேய்ந்து வாழ்வதால், அங்குள்ள மன்றங்களுக்குக் கடற்புல்தான் முதல் பாடம். உள்நாட்டு ஊர்களில், ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஏரிக்கரையில் நின்று எண்ணத் தொடங்கலாம்.

ஒரே ஒரு சிக்கல்: ஆமைப் பருவமும் தேர்வுப் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. பங்குனியில் குழந்தைகளைக் கடற்கரைக்கு அழைத்தால் எந்தப் பெற்றோரும் அனுப்ப மாட்டார். அதனால் கடலோரப் பள்ளிகள் விளக்குக் கணக்கெடுப்பை டிசம்பருக்குள், அரையாண்டு விடுமுறையிலாவது, முடித்துவிட வேண்டும். தை பிறந்தால் ஆமை கரையேறத் தொடங்கிவிடும்.