விழுந்தும் விழாத விந்தை

மேகம் விலகிய மாலை வேளையில் கொடைக்கானலில் வானத்தை நோக்கி நிற்பவர்கள் சில நாட்களில் ஓர் அதிசயத்தைக் காணலாம். ஒளிப்புள்ளி ஒன்று நட்சத்திரத்தைப்போல் மினுமினுக்காமலும் விமானத்தைப்போல் இரையாமலும் வானத்தைக் கடந்து, நாலைந்து நிமிஷத்தில் மறைந்துவிடும். அதுவே சர்வதேச விண்வெளி நிலையம். 2025-ஆம் வருஷத்தில் நம் நாட்டு வீரர் சுபான்சு சுக்லா சென்று தங்கிவந்த இடம் அது.

பூமிக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்கு ஏறக்குறைய 7.7 கிலோமீட்டர் வேகத்தில் அது செல்லுகிறது. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதை சுமார் 64 கிலோமீட்டர். வளைவுக்கு வளைவு முனகிக்கொண்டு பஸ் ஏறிச்சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை தூரத்தை அந்த நிலையம் ஒன்பது விநாடிக்குள் கடந்துவிடும். பூமியை ஒருமுறை வலம்வர அதற்கு ஒன்றரை மணி நேரமே போதும்.

இதைச் சொன்னபோது என் மாணவன் ஒருவன், "ஐயா, இத்தனை அவசரம் எதற்கு? சற்று நிதானமாகப் போனால் என்ன?" என்று கேட்டான். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. ஆயினும் விஷயத்தின் உயிர்நாடியே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கொடைக்கானல் மலை விளிம்பில் நின்று ஒரு கல்லை எறிவதாக வைத்துக்கொள்வோம். அது வளைந்து சென்று பள்ளத்தாக்கில் விழும். இன்னும் வேகமாக எறிந்தால் சமவெளியில் போய் விழும். எத்தனை வேகமாக எறிந்தாலும் முதல் விநாடியில் அது சுமார் 5 மீட்டர் கீழே இறங்கியே தீரும். பூமியோ உருண்டை, 8 கிலோமீட்டர் சென்றால் தரையும் அதே 5 மீட்டர் வளைந்து தாழ்கிறது. ஆகவே, தடுக்கக் காற்றும் வேறு மலையும் இல்லையெனில், விநாடிக்கு 8 கிலோமீட்டர் ஓடும் கல் விழுந்துகொண்டே இருக்கும். தரையை மட்டும் தொடாது. மலையுச்சியிலிருந்து பீரங்கிக் குண்டைச் சுடுவதாகக் கற்பித்து நியூட்டன் விளக்கிய தத்துவம் இது.

உயரம் கூடக்கூடப் பூமியின் ஈர்ப்பு குறைகிறது. தேவையான வேகமும் குறைகிறது. புயலை முன்கூட்டிக் காட்டும் நமது இன்ஸாட் கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், பூமி சுழலுவதோடு ஒத்துச் சுற்றுகின்றன. 3,84,000 கிலோமீட்டர் தூரத்திலுள்ள சந்திரனுக்கு விநாடிக்கு ஒரு கிலோமீட்டரே போதும். வட்டப் பாதையில் செல்லும் கோளின் வேகத்தை அதன் உயரமே நிர்ணயிக்கிறது.

இந்தக் கணக்கைக் கலைக்க வல்லவன் சூரியன். சூரியனில் கொந்தளிப்பு மிகுந்தால் பூமியின் மேல்வளிமண்டலம் சூடேறி விரிகிறது. தாழ்வாகச் செல்லும் கோள்களை அந்த மெல்லிய காற்று உரசித் தடுக்கிறது. கோள் கீழே இறங்குகிறது. இறங்குவதனாலேயே அதன் வேகம் முன்னிலும் மிகுகிறது! இறுதியில் அடர்ந்த காற்றிலே எரிந்து அழிகிறது. 1979-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் ஸ்கைலாப் நிலையம் எதிர்பார்த்ததற்கு முன்பே விழ இதுவே முக்கிய காரணம். 2022 பிப்ரவரியில் ஒரே சமயத்தில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் கோள்களில் 38 இவ்வாறே அழிந்தன.

ஆதலால் வானில் கோள்களை மிதக்கவிடும் தேசம் சூரியனின் குணத்தை அறிந்திருக்க வேண்டும். அதன் கொந்தளிப்பு ஏறி இறங்கச் சுமார் 11 வருஷம் ஆகிறது. ஒரு மனிதன் தன் ஆயுளில் காணும் சுற்றுக்கள் மிகச் சில. இங்கேதான் கொடைக்கானலின் பெருமை விளங்குகிறது. அங்குள்ள வானசாஸ்திர நிலையம் 1901 முதல் சூரியனைக் கவனித்து வருகிறது. சூரியக் களங்கங்களில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-ல் கண்டறிந்தது அங்கேதான். தலைமுறை தலைமுறையாக எடுத்த சூரிய படங்கள் கண்ணாடித் தகடுகளில் பத்திரமாக உள்ளன.

அந்த நிலையத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே, 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா விண்கலத்தின் பிரதான கருவியையும் ஆக்கித் தந்தது. 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சூரியனை ஆராயும் பொருட்டுச் சென்ற கலம் அது.

அடுத்த முறை படகுத்துறைக்கும் பூங்காவுக்கும் போகிறவர்கள், குழந்தைகளை அழைத்துக்கொண்டு அந்த மலையுச்சி நிலையத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். என் மாணவனைப்போல் அவர்களும் ஏதேனும் கேட்பார்கள். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.