மயிலுக்கு அப்போது வயது பதினான்கு

'16 வயதினிலே' 1977 செப்டம்பரில் திரைக்கு வந்தபோது, மயிலாக நடித்த ஸ்ரீதேவிக்கு 14 வயது முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தாவணியும் டவுன் மாப்பிள்ளைக் கனவுமாக வந்தவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம். வயதை யாரும் கேட்கவில்லை.

அதற்கு முந்தைய வருடம் 'மூன்று முடிச்சு'. தன் வாழ்வைக் கெடுத்தவனின் அப்பாவையே மணந்து, அவனுக்குச் சித்தியாக வீட்டுக்குள் வந்து நிற்கும் வேடம். மகனாக நடித்தவர் அவரைவிட 12 வயது மூத்தவர். குரலை உயர்த்தாமல், பார்வையாலேயே அவனை ஒடுக்குகிறாள் அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்!

சிவகாசி அருகே மீனம்பட்டியில் பிறந்தவர், பள்ளியில் சேர வேண்டிய வயதில் 'துணைவன்' படத்துக்காக முருகன் வேடம் போட்டார். 1971-ல் மலையாள 'பூம்பாட்டா'வுக்குக் கேரள அரசின் குழந்தை நட்சத்திர விருது. தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று செட் விட்டு செட் ஓடியதில் நடிப்பு கைவந்தது, பள்ளிக்கூடம்தான் கைநழுவியது.

1982-ல் 'மூன்றாம் பிறை'. நினைவு தவறிக் குழந்தையாகிவிட்ட பெண்ணாக, சுப்பிரமணி என்ற நாய்க்குட்டியோடு குதித்து விளையாடினார். சிறுமியாக இருந்தபோது பெரியவளாக நடித்தவருக்கு, பதினெட்டு வயதில்தான் சிறுமியாக இருக்கக் கால்ஷீட் கிடைத்தது.

சின்ன வயதுப் பயிற்சிதான் அவரை இந்தி வரை கொண்டுபோனது, 15 வருட இடைவெளிக்குப் பிறகும் 2012-ல் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' தந்தது என்பார்கள். இருக்கலாம். ஜெயித்தவரை நமக்குத் தெரியும். 'பேபி' பட்டத்தோடு காணாமல் போனவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?

இன்று சட்டம் இருக்கிறது. 2017-ல் வந்த விதிகளின்படி, குழந்தை நட்சத்திரத்தை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத் தொகையாகப் போடப்பட வேண்டும்.

என் கவலை செல்போனைப் பற்றியது. அம்மா டைரக்டர், அப்பா கேமராமேன், வரவேற்பறையே செட் என்றாகிவிட்ட வீடுகளில் 'பேக்கப்' சொல்வது யார்? விளம்பரப் பணத்தில் குழந்தையின் பங்கை எடுத்து வைப்பது யார்? ரீல்ஸில் வயதுக்கு மீறி வசனம் பேசும் பாப்பாவுக்கு ஹார்ட் விடும் முன், அவள் என்ன வகுப்பு படிக்கிறாள் என்று கமென்ட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். மயிலிடம் நாம் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.