டெபியன் தன் முடிவுகளைப் பதிவு செய்வது எப்படி?

டெபியன் என்ற கணினி இயங்குதளத்துக்கு முதலாளி கிடையாது. 1993-இல் ஐயன் மர்டாக் தொடங்கிவைத்த இதைப் பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் நடத்திவருகிறார்கள். உபுண்டு என்ற இயங்குதளம் இதன்மேல் எழுந்ததுதான். சென்னை சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இதன் வழிவந்ததே. சம்பளம் தருபவர் இல்லாத இடத்தில் யாரும் யாரையும் அதட்டி வேலை வாங்க முடியாது. பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. அப்படிப்பட்டவர்கள் ஒரு முடிவுக்குக் கட்டுப்பட வேண்டுமானால், அது எப்படி வந்தது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாக வேண்டும்.

பிழைகளை ஒளிக்க மாட்டோம் என்று 1997-இல் எழுதிய சமூக ஒப்பந்தத்திலேயே டெபியன் வாக்குக் கொடுத்தது. பிழை கண்ட எவரும் புகார் அனுப்பலாம். ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் விழும். அதற்கு வந்த பதில்கள், மறுப்புகள், கடைசியில் ஏன் மூடினார்கள் என்பது எல்லாம் அந்த எண்ணின் கீழேயே வரிசையாகக் கிடக்கும். பல ஆண்டு கழித்து வரும் புதியவர்கூட எடுத்துப் படிக்கலாம்.

இதன் அருமை தெரிய 727708 என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். கணினியை இயக்கியதும் முதலில் எழுந்து மற்றவற்றை எழுப்பும் நிரலாக எதை வைப்பது என்ற வழக்கு 2013 அக்டோபரில் தொழில்நுட்பக் குழுவிடம் வந்தது. அந்தக் குழு விவாதிப்பதும் வாக்களிப்பதும் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது 1998-இல் ஏற்கப்பட்ட டெபியன் அமைப்புச் சட்டத்தின் விதி. ஆகவே வாதம் முழுக்க அந்த எண்ணின் கீழ் எழுத்திலேயே நடந்தது. குழுவின் எட்டுப் பேரும் சரிபாதியாகப் பிரிந்தார்கள். 2014 பிப்ரவரியில் தலைவரின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி என்ற நிரல் வென்றது. மனக்கசப்பு தீரவில்லை, சிலர் பிரிந்துபோய் டெவுவான் என்று தனி இயங்குதளமே தொடங்கினார்கள். ஆனாலும், யார் எந்தக் காரணத்துக்காக எந்தப் பக்கம் நின்றார் என்பதை ஊகிக்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. தோற்றவருக்கு ஓர் அமைப்பு செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை இது என்று நான் நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் திறந்துபோடுவதும் சரியாகாது. டெபியனில் தலைவர் தேர்தல் ஆண்டுதோறும் நடக்கும். அது ரகசிய வாக்கு. மற்றப் பொதுத் தீர்மானங்களில் யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு வெளியாகிவந்தது. 2021-இல், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் குறித்து அறிக்கை விடுவதா என்ற கொதிப்பான வாக்கெடுப்பு வந்தபோது, பெயர் தெரிந்தால் தொல்லை வருமோ என்ற அச்சம் உறுப்பினர்களிடையே எழுந்தது. 2022-இல் விதியை மாற்றி, வாக்கிலிருந்து பெயரைப் பிரித்தார்கள்.

பெயர் இல்லாவிட்டால் எண்ணிக்கையை நம்புவது எப்படி? வாக்களித்தவருக்கு ஒரு ரகசியக் குறி வரும். முடிவுக்குப் பின் வெளியாகும் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட கோவை இருக்கும். பக்கத்திலேயே அந்த வாக்கின் விருப்ப வரிசை. தன் குறியைக் கொண்டு கணக்கிட்டால், தன் வரி எது, அது மாறாமல் சேர்ந்திருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொள்ளலாம். மொத்தத்தைக் கூட்டிப்பார்க்க யாராலும் முடியும்.

டெபியன் சறுக்கிய இடமும் உண்டு. உறுப்பினர் மட்டும் படிக்கும் தனி மடல் குழு ஒன்று அங்கே இருக்கிறது. விடுமுறையில் போகிறேன் என்ற அறிவிப்பு முதல் வெளியில் பேச முடியாத விஷயங்கள் வரை அதில் வரும். மூன்று ஆண்டு கடந்த மடல்களை, விலக்க வேண்டியதை விலக்கிவிட்டு, வெளியிடலாம் என்று 2005-இல் தீர்மானம் போட்டார்கள். ஒவ்வொரு மடலையும் படித்து, எழுதியவரின் கருத்தையும் கேட்டு, பிரித்துவைக்கும் வேலை சாதாரணமானதல்ல. அதைச் செய்ய ஆள் அமையவில்லை. தீர்மானம் ஏட்டிலேயே கிடந்தது. 2016-இல் மறுபடி வாக்கெடுத்து, அந்த மடல்கள் தனிப்பட்டவையாகவே இருக்கும் என்று ஒப்புக்கொண்டார்கள். டெபியனின் வரலாற்றில் ஒரு பகுதி இதனால் நமக்குக் கிடைக்காமல் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் நிறைவேற்றாத வாக்குறுதியைச் சட்டப் புத்தகத்தில் அப்படியே விட்டுவைக்காமல், கைவிடுகிறோம் என்பதையும் வாக்கெடுத்து, தேதியோடு பதிவு செய்தார்கள்.