உங்களுக்குத் தெரியுமா? யாரும் எழுதாத கட்டளை

அமேசான் நிறுவனத்தின் பெட்ராக் சேவையிலே குடியிருக்கும் செயற்கை நுண்ணறிவு முகவரைப் பைத்தான் நிரலிலிருந்து அழைத்து வேலை வாங்க உதவும் ‘போட்டோ3’ என்னும் நூலகத்தைப் பிரித்துப் பார்க்கிறவர், முகவரை அழைக்கும் ‘இன்வோக் ஏஜென்ட்’ என்ற கட்டளையின் மூலநிரலை எங்கே தேடினும் காணார். அதை எந்த மனிதரும் கைப்பட எழுதவில்லை என்பதே இதிலுள்ள விசித்திரம். சேவையின் லட்சணங்களை விவரிக்கும் ஜேசான் கோப்பொன்று நூலகத்தோடு கூடவே வருகிறது. நிரல் ஓடத் தொடங்கி, ‘கிளையன்ட்’ எனப்படும் பொருள் உருவாகும் அந்த க்ஷணத்திலேதான், அக்கோப்பிலிருந்து கட்டளைகள் யாவும் சிருஷ்டிக்கப்படுகின்றன. சேவையில் புதிய வசதி சேர்ந்தால், பெரும்பாலும் கோப்பைப் புதுப்பித்தாலே போதுமானது. சோம்பலும் சாமர்த்தியமும் கைகோத்த ஏற்பாடு என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

முகவரை அழைக்கும்போது கூடவே அனுப்பும், சம்பாஷணையைக் குறிக்கும் செஷன் அடையாளத்தை மாற்றினால் புதிய சம்பாஷணை தொடங்கிவிடும். முகவரின் பதிலும் முழுமையாக ஒரே தடவையில் கைக்கு வராமல் நிகழ்வோடையாக வருவதால், அதன் துண்டுகளைச் சேர்த்துக்கொள்வது நிரலின் பொறுப்பு. புதியவர் இங்கே சற்றுத் திகைப்பது சகஜம். சேவைக்கு நம்மை அடையாளம் காட்டும் ரகசியச் சாவியோ, வழக்கமான முறையில், இணையத்தில் பிரயாணம் செய்வதே இல்லை. அதைக்கொண்டு கணித்த கையொப்பம் மாத்திரமே ஒவ்வொரு கோரிக்கையுடனும் செல்கிறது.