மாற்று இருதயத்துக்கு நடை பழக்குதல்

2008ஆம் ஆண்டு செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு எய்தியபோது, வைத்தியர்களாகிய பெற்றோர் புத்திர சோகத்தின் நடுவிலும் அவனுடைய அவயவங்களைத் தானம் செய்ய முன்வந்ததும், அவன் இருதயம் சென்னை முகப்பேரில் ஒரு சிறுமியின் மார்பில் மீண்டும் துடித்ததும் தமிழ் மக்கள் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. அத்தகைய தானத்தைப் பெற்று வீடு திரும்புகிறவரை, காரைக்குடியாகட்டும் தேவகோட்டையாகட்டும், நம் ஆச்சிமார் அலுங்காமல் குலுங்காமல் கட்டிலிலேயே வைத்துக் காப்பாற்ற விரும்புகிறார்கள். அந்த அன்பு பெரிது, ஆனால் அது அவருடைய சரீரத்துக்கு நன்மை செய்வதில்லை.

இருதயத்தை மாற்றும்போது அதற்குச் செல்லும் நரம்புகள் அறுபடுகின்றன. அதைச் சதா நிதானப்படுத்திக்கொண்டிருக்கும் வேகஸ் நரம்பின் ஆதிக்கம் நீங்கிவிடுவதால், மாற்று இருதயம் சும்மா இருக்கையிலேயே நிமிஷத்துக்கு 90 முதல் 110 தடவை வரை துடிக்கிறது. நாம் எழுந்து நடந்தால் நரம்பின் ஆக்ஞையால் துடிப்பு உடனே ஏறும். மாற்று இருதயம் பெற்றவர்களுக்கோ, உதிரத்தில் கலந்த அட்ரினலின் இருதயத்தை வந்தடைந்த பிறகே, சில நிமிஷத் தாமதத்தோடு வேகம் கூடுகிறது. நடையை நிறுத்திய பின்னும் அது சட்டென்று தணிவதில்லை. ஆகையால் மெல்லத் தொடங்கி, மெல்லவே முடிப்பது அவர்களுக்கு இன்றியமையாத நியமம். நாடியை எண்ணிப் பிரயத்தனத்தை அளப்பது பொருந்தாது. பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பார்ப்பதே தக்க அளவுகோல்.

சிறுநீரகமோ கல்லீரலோ பெற்றவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எனினும் புதிய உறுப்பைச் சரீரம் நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து தொடைத் தசைகளை இளைக்கச் செய்து, எலும்பின் வலிமையைக் குறைத்து, சர்க்கரையையும் ஏற்றிவிடுகிறது. இவற்றுக்கு எதிராக நிற்கக்கூடியது தேகப்பயிற்சி. 1978இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் உறுப்பு மாற்றம் பெற்றவர்களுக்கென்றே விளையாட்டுப் பந்தயங்கள் நடத்தப்பட்டன என்பதை நம்மவர் அறிந்தால் பயம் பாதி தெளியும்.

நோய்த்தொற்றுக்கு அஞ்சிக் கூட்டத்தை விலக்க வேண்டிய முதல் மாதங்களில், ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் செட்டிநாட்டு வீட்டைவிடச் சிறந்த நடைபாதை வேறெங்கே கிடைக்கும்? வெயிலும் புழுதியும் படாமல் வளவைச் சுற்றி நடக்கலாம். தூணருகே நாற்காலியைப் போட்டு, கையூன்றாமல் எழுந்து உட்கார்ந்து தொடைக்கு உரமேற்றலாம். இருதயத்தை மாற்றுவதற்காகப் பிளந்த மார்பெலும்பு நன்றாகக் கூடும்வரை தண்ணீர்க் குடத்தைத் தூக்கலாகாது.

காய்ச்சலோ, கால்வீக்கமோ, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறலோ கண்டால் அன்றைய பயிற்சியை விட்டு வைத்தியருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வலியை உணர்த்தும் நரம்பும் அறுபட்டிருப்பதால், மாற்று இருதயம் பழுதுபடும்போது நெஞ்சுவலி வராமலே போகலாம். மூச்சிரைப்பையே அங்கு வலியின் ஸ்தானத்தில் வைத்துக் கவனிக்க வேண்டியிருக்கிறது.